சோச்சியில் ஒரு பகலும் ஓர் இரவும்: கருங்கடல் கரைக்குப் புதிதாகச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ரஷ்யாவின் கருங்கடல் கரையிலுள்ள சோச்சிக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருபவர்கள், பெரும்பாலும் காலையிலிருந்து திட்டம் போடத் தொடங்கி, இரவு பத்து மணிக்குத் தங்குமிடத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ரயிலும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி, நாளின் முடிவிலிருந்து தொடங்குகிறது. கீழே உள்ள படிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கோடைக்காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்காலத்தில் வருபவர்களுக்கு 5, 6 ஆகிய படிகள் பொருந்தா.

1. இரவு எங்கே முடியப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வரைபடத்தில் சோச்சி என்று குறித்திருப்பது ஒரே ஊர் அன்று. கடலை ஒட்டி ஏறத்தாழ 145 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோத்துவைத்த பல ஊர்களின் தொடர் அது. வடமேற்கில் லாசரெவ்ஸ்கோயே, நடுவில் மத்திய சோச்சி, அதற்குத் தெற்கே ஹோஸ்தா, விமான நிலையம் இருக்கும் ஆட்லர் என்று நான்கு பெரும் பகுதிகள் உள்ளன. 2014ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பூங்கா ஆட்லரை ஒட்டி, 2020இல் தனி ஆட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட சிரியுஸில் இருக்கிறது. பனிச்சறுக்கு விடுதிகளும் சூதாட்ட விடுதியும் உள்ள கிராஸ்னயா பொல்யானாவோ மலைக்குள், மத்திய சோச்சியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இரவுக்கு மூன்று வகையான முடிவுகள் உண்டு. மத்திய சோச்சியின் துறைமுகத்தைச் சுற்றியுள்ள உணவகங்களும் நடன கிளப்புகளும் ஒன்று. ஒலிம்பிக் பூங்காவின் இசை நீரூற்று இரண்டாவது. கிராஸ்னயா பொல்யானாவின் சூதாட்ட விடுதி மூன்றாவது. இவற்றில் ஒன்றைத்தான் ஓர் இரவில் நிதானமாகப் பார்க்க முடியும். நீரூற்றையும் மத்திய சோச்சியின் கிளப்பையும் ஒரே இரவில் இணைப்பது இயலாத காரியம் இல்லை; ஆனால் ரயில் நேரம் கொஞ்சம் பிசகினாலும் டாக்சிக்காரர் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டிவரும்.

முதன்முறை வருபவர்களுக்கு என் பரிந்துரை மத்திய சோச்சிதான். பகலில் பார்க்க வேண்டியவையும் இரவில் போக வேண்டியவையும் அங்கே நடக்கும் தூரத்திலோ, சிறு டாக்சிப் பயணத்திலோ அமைந்துவிடுகின்றன. எஞ்சிய படிகள் அதை அடிப்படையாகக் கொண்டவை; மற்ற இரண்டு முடிவுகளையும் 8ஆம் படியில் தருகிறேன்.

2. பணம், ஆவணம், கைப்பேசி: இவை மூன்றும் ஊரில் இறங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்

பணத்தைப் பற்றித்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்வதில்லை. கடையிலும் செல்லாது, ஏடிஎம்மிலும் செல்லாது. எனவே முழு நாளுக்கும் வேண்டிய பணம் ரூபிள் நோட்டாகக் கையில் இருக்க வேண்டும். டாலரோ யூரோவோ கொண்டுவந்து வங்கியில் மாற்றுவதே வழக்கமான வழி. கிழிசல், மைக்கறை, முத்திரை உள்ள நோட்டுகளை வாங்க மறுப்பார்கள்; கடவுச்சீட்டைக் கேட்பார்கள்; வார இறுதியில் பல வங்கிக் கிளைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை உல்லாசத்துக்கு வருபவர், வெள்ளிக்கிழமை பகலுக்குள் பணம் மாற்றிவிட வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆவணத்தில், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா கிடைக்கிறது. அதில் வருபவர்கள் அதற்கென அறிவிக்கப்பட்ட எல்லைச் சாவடிகள் வழியாக மட்டுமே நுழையவும் வெளியேறவும் முடியும் என்பதால், விமானச் சீட்டு வாங்கும் முன் அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். நுழையும்போது தரும் குடியேற்ற அட்டையைக் கடவுச்சீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். தங்கும் விடுதி உங்களைப் பதிவு செய்ய அது தேவை. பதிவுச் சான்றின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குவது நல்லது. ரஷ்யாவிலேயே மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது, படிக்கும் ஊரில் பதிவு இருப்பதே போதும் என்று எண்ணிக்கொள்வதுண்டு. விடுதியில் தங்கினால் இங்கேயும் பதிவு நடக்கும், திரும்பிய பின் கல்வி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

கைப்பேசியில் இணையம் இருக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். உக்ரைன் போர் தொடர்பான டிரோன் தாக்குதல் எச்சரிக்கைகளால், தென்ரஷ்யாவில் கைப்பேசி இணையம் அடிக்கடி நிறுத்தப்படுகிறது. சோச்சி விமான நிலையமும் அவ்வப்போது மணிக்கணக்கில் மூடப்படுகிறது. வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்கும் நடைமுறையும் 2025 முதல் கடினமாகிவிட்டது. ஆகவே ஆஃப்லைன் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, விடுதியின் பெயரையும் முகவரியையும் ரஷ்ய எழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நள்ளிரவில் ஓட்டுநரிடம் நீட்டுவதற்கு அந்தத் தாளை விடப் பயனுள்ளது வேறில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையையும் படித்துவிடுங்கள்.

3. தங்குமிடத்தை ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே பிடியுங்கள்

புக்கிங்.காம், ஏர்பிஎன்பி இரண்டும் 2022இல் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டன. விடுதியின் சொந்தத் தளத்தில் பதிவு செய்து, வந்தபின் ரொக்கமாகக் கட்டலாமா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். "கடலிலிருந்து 300 மீட்டர்" என்ற விளம்பரத்தை நம்பும் முன், உயர வேறுபாட்டைப் பாருங்கள். ஊரே மலைச்சரிவில் அமைந்திருப்பதால், அந்த 300 மீட்டரில் பாதி படிக்கட்டாக இருக்கக்கூடும். நள்ளிரவில் அதை ஏறப்போவது நீங்கள்தான்.

ஆட்லர் விமான நிலையத்திலிருந்து மத்திய சோச்சிக்கு வர, லாஸ்தச்கா என்னும் மின்சார ரயிலும் நகரப் பேருந்தும் உள்ளன. கோடை மாலைகளில் கடலோரச் சாலையில் நெரிசல் மிகுதி என்பதால் ரயிலே நம்பகமானது. ரயில் நிலையத்துக்குள் நுழைய மூட்டை முடிச்சுகளைச் சோதனையிடுவார்கள். அதற்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

4. காலை: தாவரப் பூங்காவை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

காலை உணவு முடிந்ததும் முதலில் போக வேண்டிய இடம் தெந்த்ராரி எனப்படும் தாவரப் பூங்கா. 1892இல் செர்கெய் ஹுதெக்கோவ் என்பவர் தம் தோட்டமாக அமைத்தது இது. மலைச்சரிவில் மேல்பூங்கா, குரோர்த்னி நெடுஞ்சாலைக்குக் கீழே கடல்பக்கமாகக் கீழ்ப்பூங்கா என இரண்டு பகுதிகள். பனை, மூங்கில், யூக்கலிப்டஸ் எல்லாம் நமக்குப் புதியவை இல்லை. ஆனால் அவற்றுக்கு அருகிலேயே ஊசியிலை மரங்களும் பின்னால் காக்கசஸ் மலையும் நிற்கும் காட்சி புதிதாக இருக்கும்.

இங்கே வரிசை மிக முக்கியம். நுழைவாயிலருகே ரோப் கார் ஏறி உச்சிக்குப் போய், அங்கிருந்து நடந்தே இறங்க வேண்டும். கீழிருந்து நடக்கத் தொடங்குபவர்கள் பாதியிலேயே களைத்து, மேல்தளத்துக் காட்சிமாடத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். ரோப் காருக்குக் காலை பத்து மணிக்குப் பிறகு வரிசை நீளும். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். கீழ்ப்பூங்காவுக்கும் போக வேண்டுமானால், நுழைவுச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மீண்டும் கேட்பார்கள்.

மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும். தாவரங்களில் நாட்டம் இல்லாதவர்கள், இதற்குப் பதிலாக 663 மீட்டர் உயரமுள்ள பெரிய அஹூன் மலைக்கு டாக்சியில் போகலாம். அதன் உச்சியில் 1936இல் கட்டிய கற்கோபுரத்திலிருந்து ஒருபுறம் கடலும் மறுபுறம் மலைத்தொடரும் தெரியும். ஆனால் வானம் தெளிவாக உள்ள காலையில் மட்டுமே போக வேண்டும். மேகம் கவிந்திருந்தால் அங்கே ஏறுவதில் பொருளே இல்லை. இரண்டையும் ஒரே காலையில் திணிப்பவர்கள் பிற்பகலில் கடற்கரையில் படுத்து உறங்கி, முதுகு வெந்து எழுவதைப் பார்த்திருக்கிறேன்.

பச்சை நிறம் பூசிய ஸ்டாலினின் கோடை மாளிகையும் அஹூன் மலைக்குப் போகும் திசையில்தான், மரங்களுக்குள் மறைந்து நிற்கிறது. 1937இல் மிரோன் மெர்ஜானோவ் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. ரஷ்ய மொழி விளக்கம் புரியாதவர்களுக்கு, அதற்கான நேரமும் செலவும் தகுமா என்பது என் ஐயம்.

5. நண்பகல்: நிழலில் நடந்து, சுயசேவை உணவகத்தில் சாப்பிடுங்கள்

பூங்காவிலிருந்து துறைமுகம் நோக்கி நடக்கும்போது குளிர்கால நாடக அரங்கைக் கடப்பீர்கள். 1938இல் திறந்த இந்தக் கட்டடத்தைச் சுற்றிலும் 88 தூண்கள் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். மழை வந்துவிட்டால் அருகிலுள்ள கலை அருங்காட்சியகம் நல்ல ஒதுங்கிடம். சோச்சி ஈரமான ஊர், கோடையிலும் திடீரென்று கொட்டித் தீர்க்கும்.

மதிய உணவுக்குக் கடலைப் பார்த்த உணவகங்களைத் தவிர்த்து, ஒரு தெரு உள்ளே தள்ளியுள்ள ஸ்தலோவயாவுக்குப் போங்கள். இது தட்டை ஏந்தி வரிசையில் நகர்ந்து, வேண்டியதைக் கைகாட்டி வாங்கி, முடிவில் பணம் கட்டும் உணவகம். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. விலை குறைவு, உணவும் கண்ணெதிரே இருக்கும்.

மரக்கறி உணவு மட்டும் உண்பவர்கள் "பெஸ் மியாசா", அதாவது இறைச்சி இல்லாமல், என்று சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டும் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம். பீட்ரூட் சூப்பான போர்ஷ் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் தயாராகிறது. நம்பி வாங்கத்தக்கவை உருளைக்கிழங்கு வைத்த, கொழுக்கட்டை போன்ற வரேனிக்கி, வேகவைத்த பக்வீட் தானியம், பாலாடைக்கட்டியில் முட்டையும் சேர்த்துச் செய்த சிர்னிக்கி, காய்கறிச் சாலட் ஆகியவை. காக்கசஸ் உணவகங்களில் சிவப்பு பீன்ஸில் செய்யும் லோபியோவும், பாலாடைக்கட்டி நிறைத்த ஹச்சாபூரி ரொட்டியும் கிடைக்கும். படகு வடிவ ஹச்சாபூரியின் நடுவில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள் என்பதை முட்டை தவிர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மீன் உண்பவர்கள் பொரித்த பரபூல்காவைக் கேளுங்கள். கருங்கடலின் சிறிய செந்நிற மீன் அது, முள் குறைவு, சுவை அதிகம்.

6. பிற்பகல்: முதலில் உறக்கம், நான்கு மணிக்குப் பிறகு கடல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களின் இரவு பதினொரு மணிக்கே முடிந்துவிடுகிறது. கிளப்புகளோ அப்போதுதான் நிறையத் தொடங்குகின்றன. ஆகவே ஒன்றரை மணி நேரமாவது அறைக்குப் போய்ப் படுங்கள்.

சோச்சியின் கடற்கரையில் மணல் இல்லை, கூழாங்கல்தான். நீருக்குள் இறங்கும்போதும் அணியக்கூடிய ரப்பர் செருப்பு இல்லாமல் போனால், பத்தடி நடப்பதே தண்டனையாகிவிடும். கரையோரக் கடைகளிலேயே அது கிடைக்கும். கரையைக் காக்கக் கடலுக்குள் குறுக்காகக் கட்டிய கான்கிரீட் தூண்டில் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் பாசி படிந்து வழுக்கும். அவற்றிலிருந்து குதிப்பதும், அலை அடிக்கும்போது அவற்றருகே நீந்துவதும் கூடாது. சில எட்டு வைத்ததுமே ஆழம் சட்டென்று கூடுவதால், நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவு நீரைத் தாண்டக் கூடாது. பலத்த மழைக்கு மறுநாள் ஆற்று முகத்துவாரத்தின் அருகே குளிக்காதீர்கள்; ஆறு கொண்டுவரும் அழுக்கெல்லாம் அங்கேதான் கலக்கிறது.

நகராட்சிக் கடற்கரைகளில் நுழைவு இலவசம், படுக்கை நாற்காலிக்கும் குடைக்கும் மட்டுமே வாடகை. தனியார் கடற்கரைக் கிளப்புகளில் வசதி அதிகம், ஆனால் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்காக அந்தத் தொகையைக் கொடுப்பது வீண் என்பேன். கடவுச்சீட்டையும் பெரும்பணத்தையும் கரையில் விட்டுவிட்டு நீந்தாதீர்கள்; அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அபாயச் சங்கு ஒலித்தால், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து நிற்காமல், உடனே நீரை விட்டு வெளியேறி அருகிலுள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். அந்த நேரத்தில் வானத்தைப் படம் எடுப்பதும் இணையத்தில் போடுவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

7. அந்தி: துறைமுகமும் கடலோர நடைபாதையும்

இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்திருப்பதால் கதிரவன் கடலுக்குள்ளேயே மறைகிறது. ஜூன், ஜூலையில் இது இரவு எட்டு மணியை ஒட்டி நிகழும். செப்டம்பரில் ஆறரை மணிக்கே ஆகிவிடும். அதற்கு முக்கால் மணி முன்னதாகத் துறைமுகத்தில் இருங்கள். 1955இல் கட்டிய துறைமுகக் கட்டடம், 71 மீட்டர் உயரக் கூர்கோபுரத்தோடு, அந்த ஒளியில்தான் மிக அழகாகத் தெரியும்.

துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரக் கடலுலாப் படகுகள் புறப்படுகின்றன. பாதுகாப்புக் காரணங்களால் அவை நிறுத்தப்படும் நாட்களும் உண்டு என்பதால், முன்பணம் கொடுத்துப் பதியாமல், அன்று மாலை படகுத்துறையிலேயே கேட்டுச் சீட்டு வாங்குவது உத்தமம்.

நடைபாதையில் கிளியையோ குரங்கையோ உங்கள் தோளில் வைத்துவிட்டுப் படத்துக்குப் பணம் கேட்பவர்கள் இருப்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிற்காமல் நடந்துவிடுங்கள். பிராணி கைக்கு வந்துவிட்டால் பேரம் உங்கள் பக்கம் இல்லை. வேகவைத்த சோளம், சுர்ச்சேலா என்னும் திராட்சைச்சாற்றில் தோய்த்த கொட்டை மாலை ஆகியவற்றை இங்கே வாங்கிச் சுவைக்கலாம். தகோமிஸ் மலைச்சரிவில் விளையும் கிராஸ்னதார் தேயிலையை மட்டும் நடைபாதையில் வாங்காமல், விலை ஒட்டிய பொட்டலமாகக் கடையில் வாங்குங்கள்.

8. இரவு: தேர்ந்த பாதையில் மட்டும் போங்கள்

மத்திய சோச்சியிலேயே இருப்பவர்கள் ஒன்பது மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும். கிளப்பில் உணவு விலை அதிகம், வெறும் வயிற்றில் குடிப்பது அதைவிட விலை அதிகம். கடைகளில் இரவு பத்து மணிக்குப் பிறகு மது விற்பனை கிடையாது; சோச்சி அடங்கிய கிராஸ்னதார் மாநிலத்தில் மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் மீண்டும் தொடங்கும். உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது. புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலோ கடற்கரையிலோ குடித்தால் அபராதம் விதிப்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் பெரியவர் துணையின்றி வெளியே இருக்கக் கூடாது என்ற மாநிலச் சட்டமும் உண்டு. குடும்பமாக வருபவர்கள் வளர்ந்த பிள்ளைகளைத் தனியே சுற்ற விடாதீர்கள்.

நீரூற்றைத் தேர்ந்தவர்கள் அந்திக் காட்சியைத் தியாகம் செய்து, மாலையிலேயே ஒலிம்பிக் பூங்கா நிலையத்துக்கு ரயில் ஏற வேண்டும். நிலையத்திலிருந்து நீரூற்றுக்கு ஏறத்தாழ இருபது நிமிட நடை. ஒலிம்பிக் தீபம் எரிந்த, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத் தூணைச் சுற்றி, இருட்டிய பிறகு இசைக்கேற்ப நீரும் ஒளியும் ஆடும். தொடங்கும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், பராமரிப்புக்காக வாரத்தில் ஒரு நாள் நடக்காது. விடுதி வரவேற்பறையில் காலையிலேயே கேட்டுவிடுங்கள். இறங்கிய உடனே, திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தை நிலையப் பலகையிலிருந்து படம் எடுத்து வையுங்கள். காட்சி முடியும் வரை நிற்காமல் பத்து நிமிடம் முன்பே கிளம்புபவர்களுக்கே ரயிலில் இடம் கிடைக்கிறது.

சூதாட்ட விடுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரஷ்யாவில் 2009 ஜூலை முதல் குறிப்பிட்ட மண்டலங்களில் மட்டுமே சூதாட்டத்துக்கு அனுமதி. கிராஸ்னயா பொல்யானா அவற்றில் ஒன்று, அங்குள்ள விடுதி 2017இல் திறந்தது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், மூலக் கடவுச்சீட்டு வேண்டும், பிரதி போதாது. அங்கே போவதென்றால் இரவு மலையிலேயே தங்குங்கள்.

9. கிளப் வாசலிலும் உள்ளேயும் கவனிக்க வேண்டியவை

வாசலில் நிற்பவர் ஒரே பார்வையில் உங்களை உள்ளே விடலாம், காரணம் சொல்லாமல் திருப்பியும் அனுப்பலாம். கடற்கரைச் செருப்பு, அரைக்கால்சட்டை, தள்ளாட்டம் ஆகிய மூன்றும் திருப்பி அனுப்பப் போதுமான காரணங்கள். ஆண்கள் மட்டுமே ஆறேழு பேராகக் கூட்டமாக வந்தாலும் தயங்குவார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போவது பயனளிக்கும். வாக்குவாதம் எந்தப் பயனும் தராது, அடுத்த இடத்துக்குப் போங்கள். அடையாளச் சான்றுக்காகக் கடவுச்சீட்டைக் கேட்கக்கூடும். காவல்துறையும் இரவு இடங்களில் சோதனை நடத்துவதுண்டு என்பதால், கடற்கரைக்குச் சொன்னதற்கு மாறாக, இரவில் அதை உள்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் உட்காரும் முன் "தெபோசித்" எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகைக்கு நீங்கள் கட்டாயம் சாப்பிட்டுக் குடித்தாக வேண்டும். மிச்சத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். கரவோக்கே இடங்களில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் இருக்கலாம். ஹுக்காவின் விலை பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். விலைப்பட்டியலைப் பார்க்காமல் எதையும் வரவழைக்காதீர்கள், கோப்பையைக் கண் பார்வையை விட்டு அகல விடாதீர்கள்.

தெருவிலோ இணையத்திலோ இன்றுதான் பழகியவர், தாமே பெயர் சொல்லும் ஒரு மதுக்கூடத்துக்கு வற்புறுத்தி அழைத்தால் போகாதீர்கள். உள்ளே அவர் விருப்பம்போல் வரவழைப்பார், பில் உங்களிடம் வரும். சந்திப்பதற்கான இடத்தை நீங்கள் சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதுவே பதில்.

தன்பால் உறவாளர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்: ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் அவர்களின் இயக்கத்தைத் தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. அதன்பின் கிளப்புகளில் காவல்துறைச் சோதனைகள் நடந்துள்ளன. பொது இடத்தில் கொடி, சின்னம் போன்றவை தண்டனைக்குரியவை.

10. அறைக்குத் திரும்புதல்

கிளப்புக்கு வெளியே காத்திருக்கும் கார்களில் ஏறாதீர்கள். இணையம் இருந்தால் யாந்தெக்ஸ் கோ செயலியில் ரொக்கக் கட்டணத்தைத் தேர்ந்து வண்டியை அழையுங்கள். செயலியைச் சொந்த எண்ணில் பதிவு செய்யும் வேலையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும். இணையம் இல்லையென்றால், கிளப்பின் பணியாளரிடம் தாளில் எழுதிய முகவரியைக் காட்டித் தொலைபேசியில் வண்டி வரவழைக்கச் சொல்லுங்கள். ஏறும் முன் தொகையைப் பேசி முடித்து, வண்டி எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான சில்லறை நோட்டுகளை மாலையிலேயே தனியாக எடுத்துவைத்திருந்தால், இருட்டில் பணப்பையைத் திறக்க வேண்டியிருக்காது.

குடித்தபின் "ஒரு முழுக்கு போட்டுவிட்டுப் போகலாம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். இரவில் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள், தூண்டில் வளைவும் கண்ணுக்குத் தெரியாது. அவரையும் சேர்த்து வண்டியில் ஏற்றுங்கள்.

மறுநாள் விமானம் என்றால், நிலையம் மூடப்பட்டிருக்கிறதா என்பதை எழுந்தவுடன் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். மூடியிருந்தால், அறையை இன்னும் சில மணி நேரம் வைத்துக்கொள்ளக் கட்டணம் எவ்வளவு என்று வரவேற்பறையில் கேட்பதே முதல் வேலை. அதே சிக்கலில் உள்ள மற்ற விருந்தினர்கள் எழுந்து வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.